தின்ற சோற்றைத் திருப்பிக் கேட்டவர்கள்

எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில்தான் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டில் எது பெரிய சம்பவம் என்று என் கணவரைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்லியிருப்பார். அவர் சமஸ்தானத்துக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்தவர். மகாராஜா போனதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. மகாராஜாவோடு தன் நாற்காலியும் போய்விடுமோ என்பதுதான் கவலை.

நாற்காலி போகவில்லை. ஆனால் திருச்சியிலிருந்து வந்த புது அதிகாரிகள் அவரைப் பார்த்து, "பழைய சமஸ்தானத்து ஆளா?" என்று ஒரு மாதிரி இழுத்துக் கேட்டார்கள். அந்தக் கேள்வி அவரை வருஷக்கணக்கில் துரத்தியது. அதற்குப் பதில் சொல்கிற அவசரத்தில்தான் எல்லாக் காரியத்தையும் செய்தார். நாய் துரத்தி ஓடுகிறவன் யார் வயலை மிதிக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

சில வருஷத்தில் அவரை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆக்கி, கீரனூருக்கு மேற்கே ஒரு ஊரில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். சுற்றிலும் இருந்த கிராமங்களின் வரி, நிலம், பயிர் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. ஜனங்கள் 'ஆர்.ஐ. அய்யா' என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முதுகு கொஞ்சம் நிமிரும். தாசில்தாரைப் பார்த்தால் அதே முதுகு பழையபடி வளைந்துவிடும். ஒரே முதுகு எப்படி இரண்டு வேலையும் செய்கிறது என்று அந்த நாளில் நான் வியந்திருக்கிறேன்.

நாங்கள் போன கொஞ்ச நாளிலேயே மழை பொய்த்தது. அடுத்த வருஷமும் பொய்த்தது. கண்மாய் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. ஊருணியில் மட்டும் நடுவில் கலங்கலாகக் கொஞ்சம் தண்ணீர். ஆண்கள் பிழைப்புத் தேடித் தஞ்சாவூர்ப் பக்கம் போனார்கள். பெண்கள் புளியங்கொட்டையை வறுத்து, தோலை நீக்கி, ஊறவைத்து அவித்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நான் சோறு வடிக்கும்போது பின்பக்கக் கதவைச் சாத்திக்கொள்வேன். கஞ்சி வாசனை தெருவுக்குப் போகக் கூடாது என்று.

கடைசியில் சர்க்கார் அரிசி வந்தது. பஞ்ச அரிசி என்று பெயர். எந்தத் தேசத்து அரிசியோ, தடித்துச் சிவந்து, நனைந்த சாக்கை முகர்ந்தது போல ஒரு வாடை அடிக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. உலையில் கொதிக்கும்போது தெருமுனையிலேயே தெரியும். வேலையும் விளைச்சலும் இல்லாத வீடுகளுக்கு வாரத்துக்கு ஒரு நாள், பெரியவர்களுக்கு இவ்வளவு, குழந்தைகளுக்கு அதில் பாதி என்று அளந்து இனாமாகக் கொடுக்க உத்தரவு. அந்த அரிசிதான் அந்த வருஷம் பாதி ஊரைச் சாகாமல் வைத்தது. அதை நான் மறுக்கவே மாட்டேன்.

மூட்டைகளை அடுக்கி வைக்க ஊரில் ரைஸ் மில்காரரிடம் மட்டுமே கிடங்கு இருந்தது. அதனால் அளந்து கொடுக்கும் பொறுப்பும் அவரிடமே போயிற்று. அரைக்க நெல் இல்லாமல் அவர் மில் சும்மா கிடந்தது. அவர் சும்மா கிடக்கவில்லை. வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாகக் கிடங்கு வாசலில் நின்று, அரிசி வாங்க வந்தவர்களிடம், "எல்லாம் அந்த ஆண்டவன் குடுக்குறது" என்பார். மூட்டையின் மேல் சர்க்கார் முத்திரை இருந்தது அவர் கண்ணில் படவில்லை போலும். தாசில்தார் வந்தபோது ஒரு கூட்டம் போட்டு மில்காரருக்கு மாலை போட்டார்கள். மாலையை என் கணவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அரிசி நின்றது. தை மாதம் ஏதோ கொஞ்சம் வரகும் கேழ்வரகும் நெல்லும் வீடுகளுக்கு வந்து, ஜனங்கள் மூச்சு விட ஆரம்பித்த சமயத்தில்தான் மேலே யாருக்கோ உறைத்தது, கொடுக்க வேண்டியதைவிட நிறைய அரிசி கிடங்கிலிருந்து போயிருக்கிறது என்று. மில்காரரைக் கேட்டார்கள். செத்தவர்கள் பெயரிலும் ஊரைவிட்டுப் போனவர்கள் பெயரிலும் ஜனங்கள் வாங்கித் தின்றுவிட்டார்கள் என்றும், பசி என்று வந்து நிற்பவனிடம் தன்னால் விசாரணை நடத்த முடியவில்லை என்றும் சொல்லி அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அதை என்னிடம் சொன்ன என் கணவருக்கும் கண் கலங்கியது.

உத்தரவு வந்தது. அதிகமாக வாங்கிய அரிசிக்கு உண்டான மதிப்பை அந்தந்த வீட்டிலிருந்து திரும்ப வசூலிக்க வேண்டும். பணமாகவோ தானியமாகவோ கொடுக்கலாம். இல்லாவிட்டால் பண்டம் பாத்திரங்களை ஜப்தி செய்யலாம். என் கணவர் அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, "ரெக்கவரி" என்ற வார்த்தையைப் புதுப் பட்சணம் போல நாக்கில் உருட்டினார்.

"தின்ன சோத்தை எப்படிங்க திருப்பிக் கேப்பீங்க?" என்றேன்.

"அரிசியை யார் கேட்டா? அதோட மதிப்பைத்தான் கேக்குறோம்" என்றார்.

அந்த அரிசியின் மதிப்பு புளியங்கொட்டை தின்றவர்களுக்குத் தெரிந்த அளவு இவருக்குத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டு ரசம் ஊற்றினேன்.

ஜனங்கள் பொய் சொல்லவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பசித்தவன் பொய் சொல்ல மாட்டான் என்று நம்ப நான் என்ன மில்காரருக்கு மாலை போட்டவளா? தஞ்சாவூருக்குப் போன புருஷனை வீட்டில் இருப்பதாகச் சொல்லி வாங்கினவர்கள் உண்டு. தனிக் குடித்தனம் போன மாமியாரைத் தன் வீட்டுக் கணக்கில் சேர்த்தவர்கள் உண்டு. ஆனால் அப்படி எடுத்தது எலி கொறித்த அளவு. கிடங்கில் விழுந்தது யானை நுழைந்த ஓட்டை.

யானை எது என்று நான் கண்ணால் பார்த்தேன். வசூல் ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்னால் மில்காரர் தன் பேத்திக்குக் காது குத்தி விருந்து வைத்தார். நாங்களும் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவக் கொல்லைப் பக்கம் போனேன். அங்கே கொட்டகையில் நான்கு வண்டி மாடுகள் நின்றன. பஞ்சத்தில் அடிபட்ட ஊர் மாடுகள் எல்லாம் இன்னும் எலும்பாகத் திரிந்தபோது இவை மட்டும் எண்ணெய் பூசியது போல மினுமினுத்தன. ஒரு வேலைக்காரப் பெண் பெரிய அண்டாவில் எதையோ கிளறி மாட்டுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நனைந்த சாக்கு வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டால்கூடத் தெரிகிற வாடை. தொட்டி நிறையச் சிவப்புச் சோறு.

அவர்கள் வண்டியிலேயே எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். வழியில் என் கணவரிடம் நான் பார்த்ததைச் சொன்னேன். அவர் வண்டிக்காரனின் முதுகைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மாடும் ஒரு சீவன்தானே" என்றார். அதற்கப்புறம் இன்னும் மெதுவாக, "வண்டிக்காரன் காதுல விழப்போகுது" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லது. கோபம் ஆறிவிடும். வந்தது வேறு ஒன்று. அன்று வந்தது இன்றுவரை ஆறவில்லை.

வசூல் ஆரம்பித்தது. இவரும் தலையாரியும் இன்னும் இரண்டு ஆட்களும் தெருத் தெருவாகப் போனார்கள். பணம் யாரிடம் இருந்தது? புதிதாக வந்த தானியத்தைக் கொடுத்துவிட்டால் மறுபடியும் புளியங்கொட்டைதான். ஆகவே பாத்திரங்களை எடுத்தார்கள். ஆண்கள் பாதிப் பேர் ஊரில் இல்லை. எடுத்தது எல்லாம் பெண்கள் பிறந்த வீட்டிலிருந்து சீராகக் கொண்டுவந்த சாமான்கள். செப்புக் குடம், வெண்கலப் பானை, அண்டா, தவலை, பித்தளைச் சொம்பு. ஒவ்வொன்றின் கழுத்திலும் கொடுத்தவர் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். இவர் வீட்டுக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போவார். மரியாதை தெரிந்தவர்.

நாலு தெரு சுற்றி வந்தவர்களுக்கு மில்லுக்குப் போகிற தெரு மட்டும் கண்ணில் படவில்லை. ஊரில் இரண்டு மூன்று வசதியான வீடுகள் தாமாகவே முன்வந்து பணத்தைக் கட்டின. தகுதியே இல்லாமல் பஞ்ச அரிசி வாங்கியிருந்தவர்கள் அவர்கள். கட்டிவிட்டு, கட்ட முடியாதவர்களைத் தெருவில் நின்று திருடர்கள் என்றார்கள். அப்படிச் சொல்லும் உரிமைக்குத்தான் அவர்கள் பணம் கட்டினார்கள் என்று எனக்குத் தோன்றியது.

இவருடைய ஆபீஸ் என்பது ஒரு சாவடி. அதற்குக் கதவு கிடையாது. அதனால் ஜப்தி செய்த பாத்திரங்களை எல்லாம் எங்கள் வாடகை வீட்டுக் கொல்லையில் இருந்த மாட்டுக் கொட்டகையில் கொண்டுவந்து அடுக்கினார்கள். எங்களிடம் மாடு இல்லை. நான் அங்கே விறகு போட்டு வைத்திருந்தேன். சில நாளில் விறகு எடுக்க வழியில்லாமல் குடமும் அண்டாவுமாக நிறைந்துவிட்டது. வெயில் விழும்போது உள்ளே கோயில் மாதிரி ஜொலிக்கும். எனக்கு அதைப் பார்க்கவே கூசும்.

ஊரின் கடைசித் தெருவில் சில கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. ஆவூர்ப் பக்கம் பூர்வீகம். அதில் ஒரு பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். புருஷன் அறுவடைக் கூலிக்கு மன்னார்குடிப் பக்கம் போயிருந்தான். அவளுக்கு ஒரு மகள், ஒரு மகன். நடை பழகாத அந்த மகன் பஞ்சத்தில் வயிற்றுப்போக்கு வந்து இறந்துபோனான். இறந்த பிறகும் சில வாரங்கள் அவன் பங்கு அரிசியையும் அவள் வாங்கியிருக்கிறாள். ஆக இவருக்கு ஆதாரத்தோடு கிடைத்த உண்மையான குற்றவாளி அவள் ஒருத்திதான். அவள் வீட்டில் இருந்த ஒரே உலோகம் ஒரு செப்புக் குடம். அதை எடுத்து வந்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவள் எங்கள் வாசலில் வந்து நின்றாள். கொல்லைப்புறம் வரவில்லை, வாசலுக்கு வந்தாள். இவர் வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார். அழப்போகிறாள், காலில் விழப்போகிறாள் என்று நினைத்திருப்பார் போல. அதற்குத் தகுந்த முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

அவள் அழவில்லை. "செத்த புள்ளைக்கு வாங்குனது நெசந்தாங்க" என்றாள். "அது பசியிலயே போச்சு. அதுக்குச் சேர வேண்டியதை அதோட அக்கா தின்னுச்சு. அதனாலதான் அது இருக்கு. ஒங்க கடன் ஒங்களுக்குத் தரணும், புள்ளைக அப்பா வந்ததும் தாரேன். இப்பக் குடத்தை எடுத்துட்டுப் போறேன். தண்ணி எடுத்துட்டுக் கொண்டாந்து வச்சிர்றேன்."

இவர் அது முடியாது, குடம் ஜப்தியில் இருக்கிறது என்றார்.

"குடந்தானே ஜப்தி? தண்ணி இல்லையே. இருந்த மண்பானையும் ஒடைஞ்சுபோச்சு. எதுல மோந்துட்டுப் போக?" என்றாள்.

அது ரூல் புத்தகத்தில் இல்லாத கேள்வி. தாசில்தாரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டு இவர் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். நான் கொட்டகைக் கதவைத் திறந்தேன். அவள் அத்தனை பாத்திரங்களுக்கு நடுவில் தன் குடத்தை ஒரே பார்வையில் கண்டுபிடித்து, இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருணிக்குப் போனாள். தண்ணீரை வீட்டில் ஒரு தொட்டியில் ஊற்றிவிட்டு, குடத்தைத் துடைத்துக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. அவள் குடத்தை அவள் எடுத்ததற்கு எனக்கு எதற்கு நன்றி?

சாயங்காலமும் வந்தாள். அடுத்த நாளும் வந்தாள். காலை மாலை அந்தக் குடம் தெருவழியே போய் வருவதை ஊரே பார்த்தது. பிறகு இன்னொருத்தி வந்தாள், நெல் அவிக்க அண்டா வேண்டும் என்று. அப்புறம் ஒருத்தி, மகள் பிரசவித்திருக்கிறாள், வெந்நீர் போடத் தவலை வேண்டும் என்று. நான் யாரையும் எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள், வேலை முடிந்ததும் விளக்கித் துடைத்துக் கொண்டுவந்தார்கள். எங்கள் கொட்டகையில் இருந்தபோது அந்தப் பாத்திரங்கள் ஒருநாள்கூடக் கறுக்கவில்லை.

இவருக்கு இது தெரிய ஒரு வாரம் ஆயிற்று. கோபத்தில் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து மாட்டினார். விறகு உள்ளே இருக்கிறது, எடுத்தால்தான் காலையில் காப்பி என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். விறகை வேறு இடத்துக்கு மாற்றச் சொன்னார். எனக்கு இடுப்பு வலிக்கிறது, நீங்களே மாற்றுங்கள் என்றேன். சர்க்கார் உத்தியோகஸ்தர் விறகு சுமக்கலாமா? விறகு இருந்த இடத்திலேயே இருந்தது. சாவி என் முந்தானையில் இருந்தது.

சாவடிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் கிழவர்கள் இவரைக் கண்டால் எழுந்து கும்பிடுவார்கள். தாண்டிப் போனதும் சிரிப்பார்கள். ஒரு நாள் யாரோ, "ஆர்.ஐ. அய்யா வாடகைப் பாத்திரக் கடை வச்சிருக்காருல்ல" என்றது எனக்கே கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கும். கேளாதது போல நடந்தார். கேட்காமல் இருப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கைவந்த வித்தை.

பங்குனியில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கும் நாள் வந்தது. இரண்டு வருஷமாகப் பொங்கல் வைக்கவில்லை. வைக்க என்ன இருந்தது? இந்த முறை எல்லாத் தெருவும் வைத்தது. காலையிலேயே பெண்கள் வந்துவிட்டார்கள். நான் கொட்டகையை அகலத் திறந்துவிட்டேன். குடம், பானை, சொம்பு, கரண்டி என்று ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொண்டு போக, மத்தியானத்துக்குள் உள்ளே என் விறகு மட்டும் பாக்கி. நெடுநாளைக்கப்புறம் அந்த இடத்தில் தாராளமாக நின்று பெருக்கினேன்.

அன்று மூன்று மணிக்குத் தாசில்தாரின் ஜீப் வந்து நின்றது. சொல்லாமல் வந்தார். ஜப்திப் பண்டங்களைப் பார்வையிட வேண்டுமாம், ஏலம் போட உத்தரவு வரப்போகிறதாம். கோயிலில் மரியாதை வாங்கிக்கொண்டிருந்த இவர், கழுத்தில் மாலையோடு ஓடி வந்தார். மாலையைக் கழற்ற மறந்துவிட்டார். அதே கோலத்தில் தாசில்தாரைக் கொல்லைக்கு அழைத்து வந்தார். நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாசில்தார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். விறகைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். "பாத்திரம் எல்லாம் எங்கே?" என்றார்.

கோயில் பக்கமிருந்து குலவைச் சத்தம் கேட்டது. நிஜத்தைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. அந்த மில்காரரின் மாட்டுத் தொட்டி வரைக்கும் சொல்லியிருக்கலாம்.

"முழுசும் வசூலாயிடுச்சு சார்" என்றார் இவர். "பாத்திரத்தை எல்லாம் அவங்கவங்ககிட்ட திருப்பிக் குடுத்துட்டேன்."

தாசில்தாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மற்ற ஊர்களில் பாதிகூட வசூலாகவில்லை போலிருக்கிறது. பழைய சமஸ்தானத்து ஆட்களில் இப்படியும் ஒருவரா என்று தோளில் தட்டினார். இந்த வாரத்துக்குள் பணத்தைக் கஜானாவில் கட்டிவிடும்படி சொல்லிவிட்டு, சர்க்கரைப் பொங்கலும் வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப் போன பிறகு இவர் விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். உன்னால்தான், உன்னால்தான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வசூலாகாத பணத்தைக் கட்டுவதாக ஒப்புக்கொண்டாகிவிட்டது. எங்கள் வீட்டில் அவ்வளவு பணம் ஏது?

"நெசத்தைச் சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"எந்த நெசத்தை?" என்றார். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

சாயங்காலம் மில்காரர் வீட்டுக்குப் போனார். போகும்போது என் இரண்டு வடச் சங்கிலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என் அப்பா கீரனூரில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதிச் சேர்த்துப் போட்ட சங்கிலி. மறுக்காமல் கழற்றிக் கொடுத்தேன். ஊர்ப் பெண்களின் சீர்ப் பாத்திரங்கள் அத்தனை நாள் என் வீட்டில் இருந்தனவே, என் சீர் ஒன்று வேறு வீட்டுக்குப் போவதில் என்ன அநியாயம்?

மில்காரர் சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தாராம். தம்பிக்கு இல்லாததா என்றாராம். சங்கிலியையும் வாங்கி வைத்துக்கொண்டார். ஆக, அரிசியைத் தின்ற மாடுகளின் சொந்தக்காரரே கடைசியில் அரிசிக்குப் பணம் கட்டினார் என்று சொல்லலாம். ஆனால் அது என் சங்கிலியின் மேல் கொடுத்த கடன். அதோடு ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டரும் ஆயுளுக்குக் கிடைத்தார். அதன் பிறகு மில்காரர் வளைத்துப் போட்டிருந்த புறம்போக்கு நிலம் எதையும் யாரும் அளக்கவில்லை.

பொங்கல் வைத்த பெண்கள் வழக்கம்போலப் பாத்திரங்களை விளக்கி எடுத்துக்கொண்டு வந்தார்கள். இனிக் கொண்டுவர வேண்டாம், எல்லாம் கட்டியாகிவிட்டது என்று வாசலில் நின்று சொன்னேன். யார் கட்டினார்கள் என்று கேட்டார்கள். ஆர்.ஐ.தான் என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நம்பவில்லை. ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

சித்திரையில் கடைசித் தெருப் பெண்ணின் புருஷன் கூலி நெல்லோடு திரும்பி வந்தான். வந்த இரண்டாம் நாள் அவள் ஒரு முறத்தில் புது அரிசியைப் புடைத்து எடுத்துக்கொண்டு சாவடிக்கே போனாள். அன்று அங்கே நானும் இருந்தேன், இவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். மேஜைக்கு முன்னால் தரையில் பழைய துணி ஒன்றை விரித்து அரிசியை அதில் கொட்டினாள்.

"எம்புள்ள பேருல நான் வாங்குனது இவ்வளவுதான். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. வச்சுக்கங்க" என்றாள்.

இவர் கணக்கு முடிந்துவிட்டது, வேண்டாம் என்று தடுமாறினார்.

"ஒங்க கணக்கு முடிஞ்சிருக்கும். நான் கேட்டு வாங்குனவ, குடுத்துட்டுத்தான் போவேன். வாங்கித் தின்னுட்டு இல்லேன்னு சொல்றவுக ஊருக்குள்ள இருக்காக. அந்த வரிசையில என்னைச் சேத்துறாதீக."

சொல்லிவிட்டுக் காலி முறத்தை இடுக்கிக்கொண்டு போனாள். என் பக்கம் ஒரு முறை பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்காக ஏதாவது நல்ல வார்த்தை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. கொட்டகைக் கதவைத் திறந்துவிட்டவள் என்பதற்காக அவள் எனக்குச் சலுகை எதுவும் தரவில்லை. நான் ஆர்.ஐ. பெண்சாதி. அவள் பார்வையில் நானும் அந்த மேஜைக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன்.

அந்த அரிசியை இவர் சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கணக்கில் சேர்க்க வழியில்லையாம். நல்ல அரிசி, வடித்துவிடு என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். சொன்னால் புரிகிறவராக இருந்தால் வடிக்கச் சொல்லியே இருக்க மாட்டார். இரண்டு நாள் அது கூடத்து மூலையில் கிடந்தது. மூன்றாம் நாள் தலையாரியிடம் கொடுத்துக் கடையில் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். செத்த குழந்தையின் பங்கு அரிசி எங்கள் வீட்டில் சர்க்கரையாக வந்து சேர்ந்தது. நான் அதைத் தொடவில்லை. அவர் தொட்டார்.

வசூலை முழுமையாக முடித்த பெருமையில் அடுத்த வருஷமே அவருக்கு உயர்வு கிடைத்தது. பொன்னமராவதிப் பக்கம் மாற்றினார்கள். போகும்போது ஊரார் வழியனுப்பு விழா ஒன்று நடத்தினார்கள். ஊரார் என்றால் மில்காரரும் பணம் முன்கூட்டிக் கட்டின அந்த வீட்டுக்காரர்களும். மில்காரரின் மருமகள் என் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வந்து எனக்குக் குங்குமம் கொடுத்தாள். அவளுக்கு அது யாருடையது என்று தெரிந்திருக்காது. நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

அறுபதுகளில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் அடிக்கடி வருவார்கள். இவர் தலைநரைத்து, குரல் கனத்து, பெரிய மனிதராகிவிட்டிருந்தார். மறுபடியும் அரிசித் தட்டுப்பாடு வந்து ஊரெல்லாம் அதே பேச்சாக இருந்த சமயம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், இவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு தன் கதையை ஆரம்பிப்பார். மேலிடத்து உத்தரவை மீற முடியாதாம். ஆனால் ஏழைகள் படும் பாட்டைப் பார்க்க மனசு கேட்கவில்லையாம். அதனால் ஜப்தி செய்த பாத்திரங்களைத் தினமும் அவர்களே எடுத்துப் புழங்கிக்கொள்ளட்டும் என்று தான்தான் கொட்டகையைத் திறந்து வைக்கச் சொன்னாராம். கடைசியில் அந்த ஜனங்களுக்காகத் தன் பெண்சாதி நகையை அடகு வைத்துக் கடனையும் தானே கட்டினாராம்.

வந்தவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இந்தக் காலத்தில் யார் இப்படி இருக்கிறார்கள் என்பார்கள். அதில் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "நீங்க குடுத்து வச்சவங்கம்மா" என்றார்.

அவர் சொல்கிற கதையில் நடந்த காரியம் எதுவும் பொய் இல்லை. பாத்திரம் வெளியே போனது நிஜம், நகை அடகு போனது நிஜம், கடன் கட்டினதும் நிஜம். மனசு கேட்கவில்லை என்பதும், தான் திறக்கச் சொன்னதாகச் சொல்வதும் மட்டும்தான் பொய். அதை எப்படி ஒரு வாத்தியாருக்கு விளக்குவது? இவரைப் பார்த்தேன். தான் சொன்னதைத் தானே நம்பிக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். மில்காரரும் அப்படித்தான் கலங்கியிருப்பார்.

இலை போட்டாயிற்று, சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.